‘இன்னைக்கு ஆவாது’ என்று சொன்னவள்

தென்காசியில் எங்கள் தெரு முழுக்கப் பத்திர எழுத்தர்களின் ஆபீஸ்கள்தான். கம்ப்யூட்டரோ பிரிண்டரோ மக்கர் பண்ணினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்வார்கள். வேலை தெரியாதவள் என்பதால் இல்லை. வந்து பார்த்து, சரி செய்து, அது யாரால் கெட்டது என்பதையும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போவாள். அதற்குத்தான் பயம்.

எங்கள் ஆபீசுக்கு அவள் முதல் தடவை வந்தது ஒரு ஆனி மாதம். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துத் தென்காசி வரைக்கும் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. காகிதமெல்லாம் நமுத்துப்போகிற சமயம். எங்கள் ஸ்கேனர் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. ஒரேயடியாகச் செத்துப்போயிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். பச்சை விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டரில் தேடினால் அதன் பெயரும் இருக்கிறது. ஆனால் பத்திரங்களையெல்லாம் சேர்த்து வைப்பதற்கென்று நாங்கள் வைத்திருக்கிற சாப்ட்வேரைத் திறந்து ஸ்கேன் பொத்தானை அழுத்தினால், ஸ்கேனர் எதுவும் இணைக்கப்படவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஆளை யாரென்று தெரியாது என்று சொல்வதைப் போல.

அதற்கு முன்னால் வந்த மெக்கானிக், “போர்டு போயிட்டு, புதுசு வாங்கிருங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். எங்கள் முதலாளிக்கு மனசு வரவில்லை. அவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். யாரிடமோ விசாரித்து அவளை வரச் சொன்னார்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் உதறி மாட்டினாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பாலிதீன் பையில் சுற்றிய கருவிப் பெட்டியைத் தரையில் வைத்து, கைக்குட்டையால் விரல் இடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டாள். மெஷினைத் தொடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“எக்கா, கடைசியா எப்ப நல்லா எடுத்துச்சு?”

“திங்கக்கெழம சாயந்தரம் வரைக்கும் எடுத்துச்சு.”

“அதுக்குப் பெறவு என்ன மாத்துனீய?”

“ஒண்ணும் மாத்தலயே.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்து பத்திரம் அடிக்கிறவள் நான். யோசித்துப் பார்த்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் வயரைக் கழற்றி மாட்டினாள், வேறு வயர் போட்டுப் பார்த்தாள், கம்ப்யூட்டர் வழியாக நேரடியாக ஒரு பக்கம் ஸ்கேன் எடுத்தாள். வந்தது. “அப்ப மெஷின்ல குத்தமில்ல, போர்டும் போவல” என்றாள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்திக் கேட்டாள்: “இது என்னது, யாரு போட்டது?”

இலவசமாகக் கிடைக்கிறதே என்று திங்கட்கிழமை நான் இறக்கிய ஒரு சின்ன ஸ்கேன் ஆப். என் மகளுடைய மார்க் ஷீட்டை ஏற்றுவதற்காகப் போட்டது. அதை அன்றைக்கே மறந்தும் போயிருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்ட உடனே அது போய் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் அந்த ஸ்கேனர் பேசுமாம்.

அவள் அந்த ஆப்பை நீக்கினாள். சாப்ட்வேர் ஸ்கேனரைக் கண்டுகொண்டது. அண்ணாச்சி உள்ளே வந்து, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார். ஏதாவது பூசி மெழுகுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, “இந்த அக்கா ஒரு ஆப் இறக்கிருக்காவ. அதுதான் காரணம். எடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் போய், “ஏன் தங்கச்சி, எதையாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள். “இல்லக்கா. அவரு கேட்டாரு. கேட்டா வேற எப்படிச் சொல்லுதது?” என்றாள். திமிர் இல்லை, என்னை மட்டம் தட்டும் எண்ணமும் இல்லை. அந்தக் கேள்விக்கு இன்னொரு பதில் இருக்க முடியும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் அப்படித்தான். எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்டால் மற்ற மெக்கானிக்குகளைப் போல, ‘இந்தா வந்துட்டேன், அஞ்சு நிமிஷம்’ என்று சொல்ல மாட்டாள். “இன்னும் வீட்டுலதான்க்கா இருக்கேன். சோறு வடிச்சிட்டுக் கெளம்பணும். இலஞ்சியிலருந்து வர இருவது நிமிஷம் ஆவும். மழ கூடுச்சுன்னா முக்கா மணி நேரம் வச்சுக்கோங்க” என்பாள். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பாள்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் நடந்ததை அவளே ஒரு நாள் சொன்னாள். அருவிக்குப் போகிற வழியில் இருக்கிற லாட்ஜ். வரவேற்பு மேஜையில் இருந்த ஸ்கேனர் கெட்டுப்போயிற்று. தங்க வருகிறவர்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து துண்டையும் மங்குஸ்தான் பையையும் அதன் தலையில்தான் வைப்பார்களாம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி உள்ளே துருப்பிடித்துவிட்டது. இடி மின்னலில் போனதாக எழுதிக் கொடு, இன்சூரன்சில் பணம் வாங்கிக்கொள்கிறேன் என்று ஓனர் கேட்டிருக்கிறார். இவள் ‘ஈரம் இறங்கியதால் பழுது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

“பெறவு கூப்பிட்டாவளா?”

“எங்கன கூப்பிடுதாவ” என்று சிரித்தாள். “அந்த ரோட்டுல நாலு லாட்ஜு. நாலும் அவரு சொந்தக்காரவதான்.”

நாங்கள் எப்போது சிநேகிதமானோம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மீதிருந்த கோபம் எனக்கே மறந்துபோயிற்று. அந்தப் பக்கம் வேலையாக வந்தால் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு தடவை நான் கட்டியிருந்த புதுச் சேலையைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நெறம் நல்லாருக்கு. உங்களுக்கு எடுக்கல” என்றாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் இன்னொரு நாள் நான் அடித்து வைத்திருந்த பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, “நீங்க அடிச்சதுல ஒரு எழுத்துப் பிழைகூட நான் பாத்ததில்லக்கா” என்று சொன்னபோது, ஒரு வாரத்துக்கு அது என் மனசில் இனித்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னால் அது அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவள்தான் அன்றைக்குப் பொய் சொன்னாள்.

ஆலங்குளத்திலிருந்து இரண்டு அண்ணன் தம்பி வந்திருந்தார்கள். பெரியவர் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இளையவர் விவசாயம். அவர்கள் இருவருக்கும் மூத்த அக்காவைக் கடையத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அறுபத்தைந்து வயதுக்குப் பக்கம். கணவர் இறந்த பிறகு கடையத்தில் அப்பா கட்டிய வீட்டில்தான் தனியாக இருந்தார். அப்பா சொத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தம்பிமாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். சொத்து விவரத்தைப் பெரியவர் முன்பே அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தார், நான் அடித்து வைத்திருந்தேன்.

அன்றைக்குப் பார்த்து ஸ்கேனர் மறுபடியும் காணாமல் போயிற்று. முந்தின நாள் கம்ப்யூட்டர் தானாகவே என்னத்தையோ புதுப்பித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சாப்ட்வேருக்கு ஸ்கேனர் தெரியவில்லை. தாய்ப்பத்திரத்தையும் ஆதார் அட்டைகளையும் ஸ்கேன் எடுத்து மூன்றரைக்குள் ஏற்றினால்தான் அன்றைக்குப் பதிவு நடக்கும். மணி இரண்டரை. அவளுக்குப் போன் போட்டேன். சொன்னபடி அரை மணியில் வந்துவிட்டாள்.

தம்பிகள் இருவரும் அண்ணாச்சியோடு வெளியே வராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் உள்ளே, ஸ்கேனர் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முந்தானையைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அவள் கம்ப்யூட்டரில் பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஸ்கேனருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற சமாச்சாரம். புதுப்பித்ததில் அதுதான் மாறிப் போயிருந்தது.

“ஏன் தாயி, இது இன்னைக்குச் சரியாயிருமா?” என்று அந்த அம்மா கேட்டார்.

இந்தக் கேள்வியை அவளிடம் கேட்காத ஆளே கிடையாது. எல்லாரும் ‘ஆயிரும்’ என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். அந்த அம்மா கேட்டது வேறு மாதிரி இருந்தது. அவள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்களுக்கு இன்னைக்கு முடியணுமா பெரியம்மா?”

“தம்பிமாருக்கு முடியணும்” என்றார் அந்த அம்மா. வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வயல எழுதிக் குடுக்கதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. என்னால உழ முடியுமா? ஆனா அவசரத்துல கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேன். என்ன எழுதிருக்குன்னு ஒரு தடவ வாசிச்சுட்டாத் தேவல. கேட்டா, ‘எங்க மேல நம்பிக்க இல்லையாக்கா’ங்கான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பத்திரத்தை அடித்தவள் நான். அதில் வயல் மட்டும் இல்லை, இரண்டாவது அயிட்டமாகக் கடையம் வீடும் இருந்தது. அது இந்த அம்மாவுக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று அந்த நிமிஷம் வரைக்கும் நினைத்திருந்தேன். கட்சிக்காரர்கள் விஷயத்தில் நாம் வாய் கொடுக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் கட்டளை. பத்திரம் என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போது திரையில் ஸ்கேனரின் பெயர் வந்துவிட்டது. சாப்ட்வேருக்குள்ளேயே, பட்டியலில் முதலாவதாக. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

பெரியவர் உள்ளே வந்தார். “என்னம்மா, ஆச்சா?”

அவள் எழுந்து, ஸ்கேனரின் வயரைப் பின்பக்கம் பிடுங்கினாள்.

“இன்னைக்கு ஆவாது” என்றாள். “வீட்டுக்குக் கொண்டு போயிப் பாக்கணும். நாளைக்குத்தான்.”

“பக்கத்துல ஜெராக்ஸ் கட இருக்குல்லா, அங்கன எடுத்தா என்ன?”

அதற்கு அண்ணாச்சியே பதில் சொன்னார். முன்பு ஒரு தடவை வெளியே கொடுத்த தாய்ப்பத்திரம் ஒன்று மடிப்பில் கிழிந்து பெரிய தகராறாகிவிட்டது. அதிலிருந்து அவர் பழைய பத்திரங்களை வெளியே அனுப்புவதில்லை. “ஒரு நாள்தான, நாளைக்கு முடிச்சிருவோம்” என்று சமாதானம் சொன்னார். முனகிக்கொண்டே கிளம்பினார்கள். அந்த அம்மா படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ஸ்கேனரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

“பொய் சொல்லிட்டேன்க்கா” என்றாள் மெதுவாக.

“நல்லதுக்குத்தான தங்கச்சி.”

“அது தெரியல. நல்லதா என்னன்னு எனக்குத் தெரியல.”

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் ஆபீசைத் திறக்கும்போது அந்த அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். அண்ணாச்சி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த அம்மா கேட்பதற்கு முன்னாலேயே நான் பத்திரத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன். இரண்டாவது அயிட்டம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வீடும் இருக்கா?”

“இருக்கு பெரியம்மா.”

கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். “மேல வாசி” என்றார். கடைசி வரைக்கும் கேட்டார். அழவில்லை. “வயல எழுதித் தாரேன். வீட்ட எடுக்கச் சொல்லு. இல்லன்னா கையெழுத்து கெடையாது” என்று சொல்லிவிட்டு, தம்பிமாருக்குத் தானே சொல்லிக்கொள்வதாகப் போய்விட்டார்.

பத்தரை மணிக்கு அவள் ஸ்கேனரோடு வந்தாள். அதற்குள் பெரியவர் போனில் அண்ணாச்சியைத் தாளித்து எடுத்திருந்தார். அண்ணாச்சி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவள் ஸ்கேனரை மேஜையில் வைத்து, வயரை மாட்டிவிட்டு, நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, இது நேத்தே சரியாயிட்டு. நான்தான் ஆவாதுன்னு சொன்னேன்.”

கேட்காத கேள்விக்கு அவள் பதில் சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணாச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“என் ஆபீசுல வந்து, என் கட்சிக்காரங்ககிட்டப் பொய் சொல்ல உனக்கு யாரும்மா உரிம குடுத்தா?”

“யாரும் குடுக்கல.”

“அந்தம்மாவுக்குப் பத்திரத்த வாசிச்சுக் காட்டுனதும் நீதானா?”

“இல்ல. அது எனக்குத் தெரியாது.”

அது உண்மை. அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான்தான். டைப் மேஜையில் உட்கார்ந்து, அடிப்பதற்கு ஒன்றுமில்லாத விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி, “இனிமே வரவேண்டாம்மா” என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். போய்வருகிறேன் என்று எனக்குக் கையைக் காட்டினாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதம் இழுபறியாகிக் கடைசியில் வீட்டை எடுத்துவிட்டு வேறு பத்திரம் எழுதினோம். வயல் தம்பிகளுக்குப் போயிற்று. அந்த அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் தானே வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இளைய தம்பிதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனார். பெரியவர் தனியாகப் போனார்.

அவள் அந்த வருஷக் கடைசியில் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டாள். கணவனுக்கு அங்கே வேலை. எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். நல்லபடியாகப் போய் வா என்று பதில் போட்டேன். எழுத வேண்டியது இன்னும் இருந்தது, எழுதவில்லை.

போன ஆடியில் ஆபீசை வெள்ளையடித்து மேஜைகளை மாற்றிப் போட்டோம். அதற்கு மறுநாள் ஸ்கேனர் தெரியவில்லை. வேறொரு மெக்கானிக் வந்தார். அரை மணி நேரம் உருட்டிவிட்டு, “போர்டு போயிட்டு அண்ணாச்சி” என்றார். அண்ணாச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “அந்தப் பிள்ளகிட்டக் கேளு. அது சொன்னா நம்பலாம்” என்றார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளுக்குப் போன் போட்டேன். பின்னால் ஏதோ குக்கர் சத்தம். எப்படி இருக்கீங்க என்றெல்லாம் கேட்கவில்லை. விளக்கு எரிகிறதா என்று கேட்டாள், கம்ப்யூட்டரில் பெயர் வருகிறதா என்று கேட்டாள். என்ன மாற்றினீர்கள் என்றதும், மேஜையை மாற்றியதையும், வயர் எட்டாமல் நடுவில் ஒரு நீள வயரைச் சேர்த்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். “அதக் கழத்திட்டு நேரா பின்னாடி குத்துங்கக்கா” என்றாள். குத்தினேன். பெயர் வந்துவிட்டது. வைக்கட்டுமா, அடுப்பில் வேலை இருக்கிறது என்று அவள் வைத்துவிட்டாள்.

மெக்கானிக் போனதும் நான் அண்ணாச்சி மேஜைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, அன்னைக்கு அந்தக் கடையத்து அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனது நாந்தான்.”

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்றுதான் இருந்தேன். பேனாவை மூடி வைத்தார்.

“நான் வாசிச்சிருக்கணும்” என்றார். “எழுதுனவன் நான்லா.” பிறகு, “அந்தப் பிள்ள நல்லாருக்கான்னு கேட்டியா?”

“கேக்கல அண்ணாச்சி.”

“அந்தம்மா இன்னும் அந்த வீட்டுலதான் இருக்காவன்னு சொன்னியா?”

“சொல்லல.”

“பெறவு என்னத்தத்தான் பேசுனீய” என்று சொல்லிவிட்டு, என் போனை வாங்கிக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டி வராந்தாவுக்குப் போனார். சாரல் உள்ளே தெறித்துக்கொண்டிருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். மழைச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேசியதால் எனக்குக் கேட்டது.

“நாந்தாம்மா, அண்ணாச்சி பேசுதேன். ஸ்கேனரு நல்லா ஓடுது. அதுக்காகக் கூப்பிடல.”